நம்பிக்கையில்லாத் தீர்மானமும் நம்பிக்கை வாக்கெடுப்பும் ஒன்றுதானா?

இல்லை. எதில் தோற்றாலும் அரசு பதவி விலக வேண்டும் என்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. முதலாவதை எதிர்க்கட்சி கொண்டுவரும்; இரண்டாவதை ஆளும் தரப்பே கொண்டுவரும்.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மக்களவை விதி 198. 50 உறுப்பினர்கள் எழுந்து ஆதரித்தால் விவாதத்துக்கு ஏற்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை (காரணம் சொல்லிக் கொண்டுவருவது கண்டனத் தீர்மானம், அது வேறு). நம்பிக்கை கோரும் தீர்மானத்துக்கென்று தனி விதியே கிடையாது. பெரும்பான்மை சந்தேகத்துக்கு உள்ளாகும்போது, பெரும்பாலும் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ 'நிரூபியுங்கள்' என்று சொன்ன பிறகு, பிரதமரோ முதல்வரோ அதை முன்மொழிவார்.

வேடிக்கை என்னவென்றால், நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி மத்திய அரசு கவிழ்ந்ததாக வரலாறே இல்லை. 1963இல் நேரு அரசுக்கு எதிராகக் கிருபளானி கொண்டுவந்தது 62-க்கு 347 என்று தோற்றது. 1993இல் நரசிம்ம ராவ் 14 ஓட்டில் தப்பினார். அந்த ஓட்டுகளில் சில எப்படி வந்தன என்பது பிறகு நீதிமன்றம் வரை போனது. 1979இல் மொரார்ஜி தேசாய் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். 2023இல் எதிர்க்கட்சிகளிடம் எண்ணிக்கை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமரை அவையில் பேசவைக்கத்தான் அந்தத் தீர்மானம்.

அவையில் கவிழ்ந்த பிரதமர்கள் எல்லோரும் தாங்களே நம்பிக்கை கோரித் தோற்றவர்கள்: 1990இல் வி.பி.சிங், 1997இல் தேவகவுடா, 1999இல் வாஜ்பாய். வாஜ்பாயை 'நம்பிக்கையில்லாத் தீர்மானம்' கவிழ்த்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கினார், குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார், வாஜ்பாய் தீர்மானம் கொண்டுவந்தார். 269-க்கு 270. ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமல் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டதும் அன்றுதான். அது முறையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், சட்டப்படி சரி, பார்க்க நன்றாக இல்லை.

2017 பிப்ரவரி 18இல் தமிழகச் சட்டப்பேரவையில் எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று வென்றதும் நம்பிக்கை வாக்கெடுப்புதான். அவரை ஆதரித்த அதிமுக அணிதான் கூவத்தூர் விடுதியிலிருந்து வந்து வாக்களித்தது. ரகசிய வாக்கெடுப்பு கேட்ட திமுகவினரை அவைக்காவலர்கள் வெளியேற்றினார்கள். எண்ணிக்கை நடந்தபோது அவர்கள் உள்ளே இல்லை.