தடையிச் சுற்றுகள்: அழுத்தம் பிரிவதும் ஓட்டம் பிரிவதும் – கேள்வி பதில்

12 வோல்ற் அடப்ரரில் 5.6 கிலோ ஓம், 3.9 கிலோ ஓம் தடையிகளைத் தொடராகப் போட்டு நடுவில் 4.9 வோல்ற் எடுத்தேன். மீற்றரும் அப்படியே காட்டுகிறது. 5 வோல்ற் ரிலேயை (மின்காந்தச் சுருளால் இயங்கும் ஆளியை) தொடுத்ததும் அழுத்தம் காணாமல் போகிறது. தடையி பழுதா? (தெமட்டகொடை)

தடையியில் பழுதில்லை. அழுத்தப் பிரிப்புச் சூத்திரம் (நடுப்புள்ளி அழுத்தம் = முழு அழுத்தம் × கீழ்த்தடை ÷ இரண்டு தடைகளின் கூட்டுத்தொகை) ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது: இரண்டு தடையிகளிலும் ஒரே ஓட்டம் பாயவேண்டும். நடுப்புள்ளியில் வேறொன்று ஓட்டத்தை இழுத்தால் அந்த நிபந்தனை உடைந்துவிடும். சிறிய 5 வோல்ற் ரிலேச் சுருளின் தடை ஏறக்குறைய 70 ஓம். அது 3.9 கிலோ ஓமுக்குச் சமாந்தரமாக வந்ததும் கீழ்ப்பகுதியின் தடை 69 ஓமாகச் சுருங்கும். 12 × 69 ÷ (5600 + 69) = 0.15 வோல்ற். ரிலே எப்படி இழுக்கும்?

தடையிகளைச் சிறிதாக்கினால் சரிவருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரிலேக்கு 71 மில்லி அம்பியர் வேண்டும். அழுத்தம் அதிகம் சரியாதிருக்க, பிரிப்பானில் (அந்த இரண்டு தடையிகளில்) அதைப்போல் பத்து மடங்கு ஓடவேண்டும். அப்படியானால் 8 வாற்றுக்கு மேல் சும்மா சூடாகப் போகும். பிரிப்பான் சைகைக்கு உரியது, மின்வழங்கலுக்கு அல்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும்போது 12 வோல்ற் ரிலேயாகவே கேட்டு வாங்குங்கள். 5 வோல்ற் கட்டாயம் என்றால் வெளியீட்டை 5 வோல்ற்றிலேயே நிலையாக வைத்திருக்கும் 7805 ரெகுலேற்றர் சிப்பைப் போடுங்கள், உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவிகள் அதன் கால்களுக்கு அருகிலேயே இருக்கவேண்டும்.

9 வோல்ற் பற்றரிக்குக் குறுக்கே இரண்டு 1 மெகா ஓம் தடையிகள். ஒவ்வொன்றிலும் 4.29 வோல்ற் வாசிக்கிறது. கூட்டினால் 8.58தான். மிச்சம் எங்கே? (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவி)

அருமையான கேள்வி. தடையிகளின் அழுத்தங்களைக் கூட்டினால் பற்றரியின் அழுத்தம் வரவேண்டும் என்ற கேச்சோவின் விதி பிழைக்கவில்லை. நீங்கள் அளந்தது இரண்டு வெவ்வேறு சுற்றுகளை. டிஜிற்றல் மீற்றரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதை வைத்த தடையி 0.909 மெகா ஓமாகக் குறைகிறது, மற்றது 1 மெகா ஓமாகவே இருக்கிறது. 9 × 0.909 ÷ 1.909 = 4.29. மீற்றரை மறுபக்கம் மாற்றும்போது குறைவும் அங்கே மாறுகிறது. வோல்ற்றுக்கு 20 கிலோ ஓம் கொண்ட முள் மீற்றரை 10 வோல்ற் வீச்சில் வைத்தால் அதன் தடை 200 கிலோ ஓம் மட்டுமே; 1.29 வோல்ற்தான் காட்டும். தடையிகள் 10 கிலோ ஓம் அளவில் இருந்தால் டிஜிற்றல் மீற்றரில் இந்தத் தொல்லை கண்ணுக்கே தெரியாது.

ஓட்டப் பிரிப்பில் ஏன் "மற்றத் தடையை" மேலே போடுகிறோம்? மூன்று கிளை வந்தால் என்ன செய்வது?

சமாந்தரக் கிளைகளுக்கு அழுத்தம் பொது. ஆகவே தடை குறைந்த கிளையில் ஓட்டம் கூட. ஒரு கிளையின் ஓட்டம் = மொத்த ஓட்டம் × மற்றக் கிளையின் தடை ÷ இரண்டின் கூட்டுத்தொகை என்ற குறுக்குவழி இரண்டு கிளைக்குச் சரி. மூன்றுக்கு "மற்ற இரண்டின் கூட்டுத்தொகை" என்று நீட்டினால் விடை பிழைக்கும். 2, 3, 6 கிலோ ஓம் கிளைகளுக்கு 6 மில்லி அம்பியர் வருகிறது என்போம். சமவலுத் தடை 1 கிலோ ஓம், அழுத்தம் 6 வோல்ற், ஓட்டங்கள் 3, 2, 1 மில்லி அம்பியர். பொது அழுத்தத்தை முதலில் கண்டால் சூத்திரத்தை மனனம் செய்யவே தேவையில்லை.

ஏணிபோல நீளும் சுற்றில் எங்கிருந்து தொடங்குவது?

பற்றரிக்கு மிகத் தூரமான முனையிலிருந்து. 12 வோல்ற், தொடரில் 1 கிலோ ஓம், பிறகு ஒரு சந்தி. அங்கிருந்து நிலத்துக்கு 3 கிலோ ஓம். அதற்குச் சமாந்தரமாக 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் தொடராக. தூரக் கிளை 3 கிலோ ஓம், சந்திக்குக் கீழே 1.5 கிலோ ஓம். சந்தியில் 12 × 1.5 ÷ 2.5 = 7.2 வோல்ற், கடைசி 2 கிலோ ஓமில் 4.8 வோல்ற். தூரக் கிளையை மறந்து சந்தியில் 9 வோல்ற் என்று எழுதுவதுதான் வழமையான பிழை.

வாகனப் பற்றரியின் அழுத்தத்தை ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில் வாசிக்க எந்தத் தடையிகள்? (வெள்ளவத்தை)

மேலே 33, கீழே 10 கிலோ ஓம். சார்ஜ் ஏறும்போது வரும் 14.4 வோல்ற் 3.35 ஆகிவிடும், 5 வோல்ற் எல்லைக்குள் போதிய இடைவெளி. ஊனோவின் உள்ளீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தடை (33உம் 10உம் சமாந்தரமாக) 7.7 கிலோ ஓம், ஊனோவின் சிப் விரும்பும் 10 கிலோ ஓமுக்குக் கீழ். பொன்வளையமுள்ள 5 சதவீதத் தடையிகள் எதிரெதிர்ப் பக்கம் விலகினால் 14.4 என்பது 13.3 ஆக வாசிக்கும். 1 சதவீதத் தடையி வாங்குங்கள், அல்லது இரண்டையும் அளந்து அந்த எண்களைக் கணக்கில் போடுங்கள்.

230 வோல்ற் வீட்டு மின்னைத் தடையிகளால் 12 ஆக்கலாமா?

வேண்டாம். வெளியீடு மின்கம்பியோடு நேரடியாகத் தொடுத்தே இருக்கும். கீழ்த்தடையி கழன்றால் முழு 230 வோல்ற்றும் உங்கள் கைக்கு வரும்.