அயனித் திரவங்கள் ஆவியாகாது என்றால், சூடாக்கும்போது அவற்றின் எடை குறைவது ஏன்?

அயனித் திரவங்கள் என்பவை முழுக்க அயனிகளால் ஆன, தாழ்ந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகள். அவை ஆவியாகாது என்ற கூற்றே முழுமையாகச் சரியன்று. அறை வெப்பநிலையில் இவற்றின் ஆவியழுத்தம் புறக்கணிக்கத்தக்க அளவுக்குச் சிறியது என்பதால் அந்தப் பெயர் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. 2006-இல் ஏர்ல், செடான் உள்ளிட்ட குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், சில அயனித் திரவங்களைக் குறைந்த அழுத்தத்தில், ஏறத்தாழ 200 முதல் 300 டிகிரி செல்சியஸில், சிதையாமல் காய்ச்சி வடித்துக் காட்டினர். அப்போது தனித்தனி அயனிகள் பறந்து செல்வதில்லை. ஒரு நேரயனியும் ஓர் எதிரயனியும் இணைந்த, மொத்தத்தில் மின்சுமையற்ற இணையாகவே அவை வாயு நிலைக்குச் செல்கின்றன. அதற்கான ஆற்றல் விலை அதிகம்: நீருக்கு 25 டிகிரியில் மோலுக்கு 44 கிலோஜூல் போதும், இமிடசோலியம் (நைட்ரஜன் கொண்ட வளைய நேரயனி) வகைத் திரவங்கள் பலவற்றுக்கு 120 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும்.

புரோட்டான் அடிப்படையிலான அயனித் திரவங்களின் கதை வேறு. அமிலத்தையும் காரத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட இவற்றில், சூடாக்கினால், அமிலம் காரத்துக்குக் கொடுத்த புரோட்டான் அமிலத்துக்கே திரும்பிச் சென்றுவிடும். அமிலமும் காரமும் நடுநிலை மூலக்கூறுகளாகப் பிரிந்து பறந்து, குளிரும் இடத்தில் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

எடை குறைய இன்னொரு காரணம் சிதைவு. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எதிரயனிதான். பியூட்டில் மெத்தில் இமிடசோலியம் குளோரைடை எடுத்துக்கொண்டால், குளோரைடு நேரயனியின் மெத்தில் அல்லது பியூட்டில் தொகுதியைத் தாக்கிப் பறித்துக்கொள்கிறது. குளோரோமீத்தேனோ குளோரோபியூட்டேனோ வெளியேற, எஞ்சிய இமிடசோலும் மெல்ல ஆவியாகிறது. திரவத்தைத் தயாரித்த வினையே பின்னோக்கி ஓடுகிறது என்றும் சொல்லலாம். மாணவப் பருவத்தில் இந்த உப்பை அதிகம் சூடாக்கிவிட்டு, கிளம்பிய அமின் நெடியை மாசு என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கியவன் நான். ஃபுளூரின் நிறைந்த இமைடு அயனியோ மின்சுமையைப் பரப்பி வைத்திருப்பதால் தாக்கும் விருப்பம் குறைந்தது. ஆகவே அதன் திரவங்கள் சிதைவதற்கு முன்பே ஆவியாக வாய்ப்புப் பெறுகின்றன.

எனவே வெப்ப எடையிழப்புக் கருவி தரும் வளைகோட்டை மட்டும் பார்த்து ‘400 டிகிரி வரை நிலையானது’ என்று எழுதுவதை நான் நம்புவதில்லை. நிமிடத்துக்கு 10 டிகிரி என்ற வேகத்தில் சூடேற்றும்போது, மெதுவான சிதைவுக்கு நேரமே கிடைப்பதில்லை. அதே மாதிரியை 200 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்திருந்தால் எடை குறைவதைக் காணலாம். அந்த இழப்பு ஆவியாதலா, சிதைவா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரே எடையை அகன்ற தட்டிலும் குறுகிய கிண்ணத்திலும் வைத்து, ஒரே வெப்பநிலையில் பாருங்கள். ஆவியாதல் மேற்பரப்பில் நடப்பதால் அகன்ற தட்டில் இழப்பு வேகம் கூடும். சிதைவு திரவம் முழுவதிலும் நடப்பதால் அதன் வேகம் பரப்பைப் பெரிதும் சார்ந்திராது. எஞ்சியது பழுப்பேறியிருந்தால், சிதைவும் சேர்ந்தே நடந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.