பெயரை நம்பும் லேப்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஒரு சிறிய மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். நோட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எக்செல்லில் பதிகிறோம். போன வாரம் இரண்டு பேருக்கு ரிப்போர்ட் மாறிப்போனது. எங்கே தவறியது என்றே தெரியவில்லை. லேப் சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகிவிடுமா? – வாசகி

பதில்: பாதி சரியாகும். மீதி ரத்தம் எடுக்கும் மேஜையில் இருக்கிறது.

முதலில், மாறியது இரண்டு பேருக்குத்தான் என்று விட்டுவிடாதீர்கள். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்து அகரவரிசைப்படுத்தினால் பெயர்கள் நகரும், ரிசல்ட் அப்படியே நிற்கும். எச்சரிக்கை வரும்தான், அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? அந்த ஷீட்டில் உள்ள அத்தனை பேரின் ரிசல்ட்டையும் மெஷின் மெமரியோடு ஒப்பிடுங்கள். யூரினில் பஸ் செல் (சீழ் அணு) எண்ணிக்கையை 2-4 என்று அடித்தாலும் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். சாதாரண எக்செல் ஃபைலில் யார், எப்போது மாற்றினார்கள் என்பதற்கும் தடம் இருக்காது.

பெயரை வைத்துத் தேடுவதை விடுங்கள். உங்கள் ஊரில் கவுண்ட்டரில் இருப்பவரைப் பொறுத்து முருகேசன் முருகேஷ் ஆவார், இனிஷியல் முன்னும் பின்னும் போகும். நோயாளிக்கு ஒரு நிரந்தர எண், ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு லேப் எண் வேண்டும். பார்கோடு ஸ்டிக்கரை ரத்தம் எடுத்த கையோடு, நோயாளி எழுந்து போவதற்குள் ஒட்ட வேண்டும். காலி டியூப்களில் முன்கூட்டியே ஒட்டி அடுக்கி வைப்பதுதான் பெரிய ஆபத்து. மூடிக்குக் கீழே, டியூபின் நெடுக்கில், கோடுகள் ஏணிப்படி போலத் தெரியும்படி நேராக ஒட்டுங்கள். ரத்த அளவு தெரிய இடம் விடுங்கள். கோணலானால் மெஷின் படிக்காது. அப்போது கையால் எண் அடிப்பீர்கள், குழப்பம் மறுபடி அங்கிருந்து தொடங்கும்.

பயாப்சி கேசட்டில் (திசுத் துண்டை வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி) கையால் எழுதுவதானால் பென்சில்தான். சாதாரண பேனா மை, திசுவைப் பதப்படுத்தும் ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்துவிடும்.

சாஃப்ட்வேர்காரரிடம் கேட்க வேண்டியவை: மெஷினோடு இருவழித் தொடர்பு உண்டா, அதாவது டெஸ்ட் விவரம் மெஷினுக்குப் போய் ரிசல்ட் தானாகத் திரும்பி வருமா? பழைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டு எச்சரிக்குமா? இதில் எம்.சி.வி.யை (சிவப்பணுவின் சராசரி அளவு) கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். ரத்தப்போக்கில் ஹீமோகுளோபின் சட்டென இறங்கலாம். ஆனால் ரத்தம் ஏற்றாதவருக்கு எம்.சி.வி. இரண்டு நாளில் 72-லிருந்து 94-க்குப் போகாது. போனால் டியூப் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தான ரிப்போர்ட்டைத் திருத்தினால் பழையதும் அழியாமல் இருக்க வேண்டும், புதியதில் 'திருத்தப்பட்டது' என்று வர வேண்டும். டாக்டரின் பாஸ்வேர்டில் நீங்கள் ரிப்போர்ட் விடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் முழு டேட்டாவும் கைக்கு வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். சர்வர் படுக்கும் நாளுக்கென்று தனி எண் வரிசையில் ஸ்டிக்கர்கள் அச்சடித்து நோட்டோடு வையுங்கள். சிஸ்டம் வந்ததும் அதே எண்ணில் ஏற்றிவிடலாம்.