லீவில் வரும் வீரருக்கு மேளதாளம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருத் தம்பி ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே எல்லைப் பக்கம் இருக்கிறார். அடுத்த மாதம் லீவில் வருகிறார். மதுரை ஜங்ஷனிலேயே மேளம், சால்வை, தெருமுனையில் ஃபிளெக்ஸ் என்று இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். இது முறைதானா? வேறு எப்படி நன்றி சொல்லலாம்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவர் மனைவியிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வடகோடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் மூன்று நாள் வரை ஆகும். இறங்குகிறவர் கண் பிள்ளையைத்தான் தேடும். ஆண்டு விடுப்பு 60 நாள். அதையும் பெரும்பாலும் பிரித்துத்தான் கிடைக்கும். அதற்குள் பட்டா மாறுதல், காதுகுத்து, பள்ளிச் சேர்க்கை என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும். வந்து நாலைந்து நாள் போகட்டும். ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் அரைமணி நேரம் போதும்.

ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் வைத்தால் வழக்கு வரும் என்பது ஒருபுறம். படத்தோடு யூனிட் பெயரும் முகாமும் ஏறி, வாட்ஸ்அப்பில் சுற்றும். தகவல் கசியக்கூடாது என்றுதான் 2020-ல் ஃபேஸ்புக் உட்பட 89 ஆப்களை வீரர்களின் போனிலிருந்து ராணுவம் நீக்கச் சொன்னது. நீங்கள் எழுதியிருந்த முகாம் பெயரை இங்கே வெட்டியதும் அதனால்தான். தேசியக் கொடியைச் சால்வையாகப் போர்த்தும் ஆர்வக்கோளாறும் கூடாது. கொடி போர்த்துவது அரசு, ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டும். அதை அவர் அம்மா பார்க்க வேண்டுமா?

ஜரிகைச் சால்வை பீரோவில்தான் தூங்கும். ஒரு மல்லிகை மாலை, நல்ல பருத்தித் துண்டு, அவர் மனைவிக்கு ஒரு சுங்குடிச் சேலை. வீட்டைத் தனியாளாக இழுப்பவர் அந்தப் பெண்தானே! "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று பையன்கள் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் "கேன்டீன் சரக்கு கிடைக்குமா?" என்று கேட்காதபடியும்தான். வெளியாளுக்குக் கைமாற்றினால் அவர்மேல் நடவடிக்கை பாயும்.

திரும்பும்போது கொடுத்தனுப்பப் பொடி வகைதான் தோது. எண்ணெய் ஊறுகாய் ரயில் ஆட்டத்தில் கசிந்து துணியை நாசமாக்கும். தேங்காய் சேர்த்த பொடி சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். பருப்புப் பொடியோ இட்லிப் பொடியோ அரைக்கும்போது, வறுத்ததை நன்றாக ஆறவிட்டு அரையுங்கள். மிக்ஸிச் சூடு போக மறுபடி தாளில் பரப்பிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டிதட்டும். ஒரு கிலோவைக் கால்கிலோ பாக்கெட்டுகளாக்குங்கள். கூட இருக்கும் தமிழ்ப் பையன்களுக்குக் கொடுக்க வசதி. இரண்டு நாள் முன்னாலேயே கொடுங்கள். கடைசி ராத்திரி பெட்டியில் இடமிருக்காது.

பிறகு ஏதாவது அனுப்புவதென்றால் தபால் ஆபீஸ்தான் வழி, ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) முகவரிக்குத் தனியார் கூரியர் போகாது. ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.', 9-ல் தொடங்கும் பின்கோடு: அவர் தந்ததை அப்படியே எழுதுங்கள். உதவியாக இருக்கட்டுமென்று ஊர்ப் பெயரைச் சேர்க்காதீர்கள்.

மேளத்துக்கு வசூலான காசைக் கலெக்டர் ஆபீஸில் கொடிநாள் நிதிக்குக் கட்டி ரசீது வாங்கலாம். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள்.

அவர் ரயிலேறிய பிறகு சிலிண்டர் மாட்ட, அவர் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இன்னார் என்று இரண்டு பேரின் நம்பரை எழுதி அந்த வீட்டில் கொடுத்து வையுங்கள். நடுராத்திரி அடித்தாலும் எடுக்கிற ஆட்களாக இருக்கட்டும்.