அப்பாவின் பிஎஸ்ஏ: நானோ டெஸ்ட் தேவையா?

வணக்கம். அப்பாவுக்குப் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை எடுத்து எட்டு மாதம், ரிப்போர்ட்டில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம்) '0.1-க்குக் கீழ்' என்றே வருகிறது, நானோ ரத்தப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அது நல்ல செய்திதான். அதற்குக் கீழே அந்த மெஷினால் அளக்க முடியவில்லை, அவ்வளவே. ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுமுறை எடுத்தாலும் இறங்காமல் இருந்தால்தான் பொதுவாக நோய் திரும்பியதாகக் கணக்கு.

நானோ விஷயம் புருடா இல்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு 2003-லேயே செய்து காட்டியது. ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் பொருள்) பூசிய நுண்ணிய காந்த மணி பிஎஸ்ஏ புரதத்தைப் பிடிக்கும். மறுபக்கம் ஒரு தங்க நானோதுகள் வந்து ஒட்டும். அந்தத் துகள் முழுக்க டிஎன்ஏ இழைகள். காந்தத்தால் இழுத்து, மிச்சத்தைக் கழுவிவிட்டு, இழைகளைக் கழற்றி அளப்பார்கள். ஒரு புரதத்துக்கு ஏகப்பட்ட இழைகள், அதனால்தான் அத்தனை நுணுக்கம். (கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் சிவப்புக் கோடும் பெரும்பாலும் தங்கத் துகள்தான்!) 2009-ல் அறுவை முடிந்தவர்களின் ரத்தத்தில், வழக்கமான டெஸ்டைவிட சுமார் 300 மடங்கு நுட்பமாக அளந்தார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தது 18 பேர். அப்புறம், 0.003 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த எண்ணுக்கு வைத்தியம் கிடையாது, தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். அடுத்தடுத்து ஏறினால் 0.2 வரை காத்திருக்காமல் யூராலஜிஸ்டைப் பாருங்கள்.