போர்ச்சுகலின் எவோராவில் வருடம் முழுக்க வெப்பநிலை எப்படி இருக்கும்? செப்டம்பரில் படிக்கப் போகிறேன், ஸ்வெட்டர் தேவைப்படுமா?

கட்டாயம் தேவைப்படும். அதுவும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள.

நான் அங்கே இரண்டு வருடம் முதுகலை படித்தவன். லிஸ்பனிலிருந்து கிழக்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அலென்தேஜு சமவெளியில் மதில் சூழ்ந்த சின்ன ஊர். கிளம்பும் முன் நானும் சராசரி வெப்பநிலை அட்டவணையைத்தான் பார்த்தேன். ஜனவரியில் பகல் 13 டிகிரி, இரவு 6. ஆகஸ்டில் பகல் 31, இரவு 17. மதுரைக்காரனுக்கு இது கொடைக்கானல் கணக்காகத் தெரிந்தது. எண்களில் பொய் இல்லை. ஆனால் அவையெல்லாம் வெளியே வைத்த வெப்பமானி சொல்பவை. நாம் தூங்குவது வீட்டுக்குள்.

அந்த ஊர் வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை. தடித்த சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு, சின்ன ஜன்னல், ஓடு பதித்த தரை. பழைய வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் என்ற பேச்சே இருக்காது. நவம்பர் மழையில் சுவர் ஒருமுறை குளிர்ந்து ஈரம் கோத்தால் மார்ச் வரை விடாது. ஒரு ஜனவரிக் காலையில் என் அறைக்குள் 11 டிகிரி. அன்று மதியம் வெளியே வெயிலில் நின்றால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றியது! உள்ளூர்ப் பெரியவர்கள் ஏன் ஊர் நடுவே உள்ள ஜிரால்தோ சதுக்கத்தில் உட்கார்ந்து வெயில் காய்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் வட்ட மேஜைக்கு அடியில் கரித் தணல் சட்டி வைத்து, தரை வரை துணி போர்த்தி, காலை உள்ளே நீட்டிக்கொள்வார்களாம். 'பிரசெய்ரா' என்று பெயர். இப்போது அதையே மின்சாரத்தில் விற்கிறார்கள்.

ஹீட்டர் வாங்கினால் தீர்ந்ததா என்றால் இல்லை. பல வீடுகளில் 3.45 கேவிஏ மின் இணைப்புதான் இருக்கும், அதாவது ஒரே நேரத்தில் சுமார் மூன்றரை கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. ஹீட்டர், மின் அடுப்பு, வாஷிங் மெஷின் மூன்றும் சேர்ந்து ஓடினால் வீடே இருண்டுவிடும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து, சமையல் முடியும் வரை யாரும் ஹீட்டரைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டோம். அந்தக் குளிருக்கு 'அசோர்டா' என்று ஒன்று செய்வார்கள்: பூண்டு, கொத்தமல்லித்தழை, ஆலிவ் எண்ணெய், கொதிநீர், பழைய ரொட்டி, மேலே ஒரு முட்டை. முதல் தடவை ஆவி முகத்தில் அடித்தபோது ரசம்தான் ஞாபகம் வந்தது.

கோடையைப் பற்றி நமக்குப் பெரிய பயம் தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. சராசரி 31 என்றாலும் 38, 40 தொடும் நாட்கள் ஒவ்வொரு வருடமும் வரும். எவோராவுக்குத் தென்கிழக்கே உள்ள அமரெலேஜாவில் 2003 ஆகஸ்ட் 1 அன்று 47.4 டிகிரி பதிவானது. போர்ச்சுகலின் உச்சமே அதுதான். காற்று வறண்டது என்பதால் வியர்வை உடலில் தங்காமல் உடனே உலர்ந்துவிடும், துணி ஒரு மணி நேரத்தில் காயும், நிழலில் ஒதுங்கினால் உடனே தெரியும். நான் ஏமாந்தது நேரத்தில். நம் ஊர்க் கணக்கில் மூன்று மணிக்கு மேல் வெயில் தாழும் என்று கிளம்பிவிட்டேன். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பதால், சூரியன் உச்சிக்கு வருவதே 1:40 வாக்கில். வெக்கை உச்சம் தொடுவது மாலை ஐந்துக்குப் பக்கத்தில். பகல் முழுக்க ஜன்னல் கதவைச் சாத்தி, இரவு பத்துக்கு மேல் திறந்துவிடுங்கள். விடிகாலையில் போர்வை கேட்கும்.

ஏப்ரலும் அக்டோபரும் சுகம், 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏப்ரலில் குடை மட்டும் மறக்காதீர்கள். 'ஏப்ரலில் ஆயிரம் மழை' என்று அவர்களிடமே ஒரு பழமொழி உண்டு.

நீங்கள் போய் இறங்கும் செப்டம்பரில் பகல் 28 டிகிரி இருக்கும், எந்த அறையும் சொர்க்கமாகத் தெரியும். மயங்கிவிடாதீர்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். நாம் தென்றலுக்குத் தேடும் ஜன்னலை அங்கே குளிர்கால வெயிலுக்குத் தேட வேண்டும். பிறகு, வீட்டுக்காரர் முன்னாலேயே கூச்சப்படாமல் பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். அந்த ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால், அடியில் போன வருடத்துப் பூஞ்சை இருக்கிறது.