மார்க்கேரியன் சங்கிலியில் உள்ள நீள்வட்ட கேலக்ஸி என்றால் என்ன?

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஏப்ரல் இரவில் தொலைநோக்கி வைத்தால், உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே இரண்டு மங்கலான வெண்திட்டுகள் தெரியும். மூச்சு பட்ட கண்ணாடி போல இருக்கும், அவ்வளவுதான். அவைதான் எம்84, எம்86 என்ற கேலக்ஸிகள், அதாவது கோடானுகோடி நட்சத்திரங்களின் பெருந்திரள்கள். அங்கிருந்து வளைந்து போகும் கேலக்ஸி வரிசைக்கு மார்க்கேரியன் சங்கிலி என்று பெயர். சுமார் 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது.

நம் பால்வீதி தோசை மாதிரி தட்டையானது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் சுற்றுகின்றன. நீள்வட்ட கேலக்ஸி கொழுக்கட்டை மாதிரி. தெருவிளக்கை மொய்க்கும் ஈசல்போல, நட்சத்திரங்கள் மையத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. கேலக்ஸிகள் மோதி ஒன்றாகும்போது பழைய ஒழுங்கு கலைந்து இந்த வடிவம் வருகிறது.

சரி, படங்களில் நீள்வட்ட கேலக்ஸி ஏன் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது? புது நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். இங்கே அது மிகக் குறைவு. குளிருக்கு மூட்டிய நெருப்பில் புது விறகு போடாவிட்டால் தணல் மட்டும் சிவந்து கிடக்குமே, அதுதான். எரிந்து தீராத முதிய நட்சத்திரங்களின் நிறம் அது. எனக்கு வானத்திலேயே மிகப் பிடித்த காட்சி.

சங்கிலி என்றதும் எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: குறைந்தது ஏழு கேலக்ஸிகள் சேர்ந்து நகர்வதாகத் தெரிகிறது, மற்றவை நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக வரிசைப்பட்டவை.